பகிடிக்கு முந்திய சிரிப்பு

1

இந்தக் கதை என் மனைவியின் ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரிப்பில் குற்றமில்லை, வந்த நேரம்தான் பிழை. பகிடி வருவதற்கு முந்தியே சிரித்துவிட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "கரைத்தீவுக் களப்பின் மேலே சூரியன் மெல்ல—"

நிறுத்திவிட்டேன். கதைக்குள் முதல் ஆளாக வந்து நிற்கிற சூரியனை நான் நம்புவதில்லை. பிறகு: "நான் எப்போதும் நேர்மையான ஒரு—" இது அதைவிட மோசம். நான் நேர்மையானவன் என்று பேச்சைத் தொடங்குகிற ஆளிடம் நான் மீன்கூட வாங்கமாட்டேன். நீங்களும் வாங்காதீர்கள்.

ஆகவே "நான்" வேண்டாம். அந்தச் சொல்லை உள்ளே விட்டால் கதை முழுக்க என் பக்கம் சாய்ந்துவிடும். பதுர்தீன் என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தாறு. அவன் நான்தான், ஒளிக்கவில்லை. ஆனால் "அவன்" என்று எழுதினால் தள்ளி நின்று அவனையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். "அவர்" கிடையாது. எனக்கு நானே மரியாதை போட்டுக்கொள்வதா?

2

பதுர்தீன் படம் பார்க்கிறவன்தான், படப் பைத்தியம் இல்லை. கிடைத்தால் பார்ப்பான், கிடைக்காவிட்டால் தேடமாட்டான். ஆனால் குடும்பப் படங்களைப் பற்றி அவனிடம் அபிப்பிராயம் நிறைய உண்டு. "இது குடும்பப் படம்" என்று எவன் சொன்னாலும் அவன் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யார்ட குடும்பம்?"

குடும்பப் படம் என்றால் வீட்டுக்குள் படிக்கட்டு இருக்கும். கோபம் வந்த மகள் அதில் ஏறி ஓடுவாள்; கோபம் ஆறிய வாப்பா அதில் இறங்கி வருவார். பதுர்தீன் வீட்டில் கோபம் வந்தால் வெளியே ஒழுங்கைக்குத்தான் போகவேண்டும். அங்கே நாலு பேர் நின்று என்ன சங்கதி என்று கேட்பார்கள். படத்தில் பன்னிரண்டு பேர் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒருவர்கூடப் பக்கத்துச் சோற்றுக் கோப்பையில் இருக்கிற மீன் துண்டைப் பார்ப்பதில்லை. எல்லோரும் அழுவார்கள், ஒருவரும் மூக்குச் சிந்துவதில்லை. முடிவில் வாப்பாமார் ஒன்று மன்னிப்பார்கள், இல்லாவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மவுத்தாவார்கள். பதுர்தீனைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர்களைக் கதைக்க விடுவதில்லை.

ஆகையால் அவன் வீட்டில் ரிமோட் அவன் கையில்தான் இருக்கும். திரையில் ஒரு ஆணும் பெண்ணும் கதைத்துக்கொண்டிருக்கும்வரை விடுவான். கதைப்பதை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்தார்களோ, படத்தை முன்னுக்கு ஓட்டிவிடுவான். பேச்சு நின்றால் ஓட்டு. முப்பது வருஷமாக இதுதான் சட்டம்.

(ஒரு படத்தில் ஒன்பது பேரை வாளால் வெட்டினார்கள். அதை ஓட்டவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். கவனித்தது நான், பதுர்தீன் இன்னும் கவனிக்கவில்லை.)

"உங்களோட படம் பாத்தா புள்ள பொறக்கிறது மட்டும்தான் தெரியும்" என்பாள் அவன் மனைவி ஹவ்வா. "அதுக்கு முந்தி என்ன நடந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

"எனக்கு மறந்து போச்சு."

3

இந்தப் படத்தைக் கொண்டுவந்தவன் மிஹ்லார். எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பவுசர் லொறியில் வரும். அந்தப் பவுசரின் டிரைவர் அவன். வயது நாற்பது, மனைவி மவுத்தாகி மூன்று வருஷம். ஊர்க்காரன்.*

ஒரு திங்கட்கிழமை பவுசரை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு, பெண்கள் கேன்களோடு வரிசையில் நிற்க, அவன் நேரே பதுர்தீனிடம் வந்து ஒரு பென் டிரைவை நீட்டினான்.

"மாமா, இதில ஒரு படம் இருக்கு. குடும்பத்தோட பாக்கலாம்."

"யார்ட குடும்பத்தோட?"

"உங்கட குடும்பத்தோடதான் மாமா. வேற யார்ட?"

"இவ்வளவு காலமும் அண்ணன் முறைக்கு 'நானா'ன்னு கூப்பிட்ட. இப்ப எப்படி மாமாவானேன்?"

மிஹ்லார் தலையைச் சொறிந்தான். "வயசு போகுதுதானே."

"யாருக்கு?"

"எனக்குத்தான் மாமா."

(இந்த இடத்தில் மிஹ்லாருக்கு ஒரு கள்ளப் பார்வை வைத்திருந்தேன். "ஓரக்கண்ணால் வீட்டுக்குள்ளே—" என்று எழுதி எடுத்துவிட்டேன். அவன் நேராகத்தான் பார்த்தான். எனக்குப் பிடிக்காமல் போனதும் அதுதான்.)

* ஊர்க்காரன் என்றால் புத்தளத்திலேயே பிறந்தவன். பதுர்தீன் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவன். மகள் கமீலாவுக்கு அப்போது ஏழு வயது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று யாரோ சொன்னதை நம்பி வந்தான். யுத்தம் முடிந்தே ஆறேழு வருஷமாகிவிட்டது, தண்ணீர் வரிசையில் இன்னும் அவன் வீட்டுக்குப் பெயர் அகதி வீடு. அவன் சந்தேகக்காரன் ஆனதற்கு இதைக் காரணமாகக் கதைக்குள்ளேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள். அதனால்தான் கீழே போட்டிருக்கிறேன்.

4

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, மூன்று பேரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். பதுர்தீன், ஹவ்வா, கமீலா. கமீலாவுக்கு முப்பத்திரண்டு வயது. கலியாணம் முடித்து இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை காய்ச்சலில் மவுத்தானார். ஆறு வருஷமாகத் தாய் வீட்டில் இருக்கிறாள்.

படத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஒரு விதவை. கொடி காட்டுகிற ஒரு ரயில்வேக்காரன். பன்னிரண்டு பேர் உள்ள வீடு, படிக்கட்டு, தடியோடு ஒரு தகப்பன். பதுர்தீன் எதிர்பார்த்த எல்லாம் இருந்தது.

பாதிப் படத்தில் கமீலா எழும்பினாள். "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனாள். அவள் போய்ச் சற்று நேரத்தில் விதவையும் ரயில்வேக்காரனும் ஒரே வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றது. பதுர்தீன் ஓட்டினான். ஓட்டும்போதே ஒன்று உறுத்தியது. இது வரப்போகிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு மாமன் வாசலில் வந்து நின்றான். தூரத்தில் ஒரு கதிரை. ஹவ்வா குலுங்கிச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மாமன் நடந்தான், கதிரையில் இருந்தான், கதிரையின் கால் முறிந்தது, விழுந்தான்.

பதுர்தீன் படத்தை நிறுத்தினான்.

"என்னத்துக்குச் சிரிச்ச?"

"விழுந்தாரே."

"நீ சிரிச்ச நேரம் அவன் வாசல்ல நிண்டான்."

ஹவ்வா முக்காட்டை இழுத்துவிட்டாள். "விழப்போறவர்ட முகத்திலயே தெரியுந்தானே."

"ஹவ்வா."

"சரி, ஓம், பாத்தோம். செவ்வாக்கிழம நீங்க பள்ளிக் கூட்டத்துக்குப் போன நேரம் நானும் மகளும் பாத்தோம். ஓட்டாமப் பாத்தோம். நான் கலியாணம் முடிச்சு இந்த வீட்டில முழுசாப் பாத்த முதல் படம்."

"பிறகு என்னத்துக்கு எனக்குப் போட்டுக் காட்டுறீங்க?"

கமீலா தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் நின்றாள். "நீங்க பாக்கணும்னுதான் வாப்பா."

ஹவ்வா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "மிஹ்லார் இவளக் கேக்கிறாரு. இவளுக்கும் விருப்பம். கலியாணப் பதிவுக்காரர* வெள்ளிக்கிழமைல கூட்டி வரலாமான்னு கேட்டாரு. எந்த வெள்ளின்னு நீங்க சொல்லணும்."

"எப்ப இருந்து? என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல்ல வாப்பா."

"ஒண்ணும் நடக்காமலா ஒருத்தன் மாமாங்கிறான்?"

ஹவ்வா அவன் கையில் இருந்த ரிமோட்டைக் காட்டினாள். "நடந்ததெல்லாம் நீங்க ஓட்டின இடத்திலதான்."

* எங்கள் பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்து வைப்பார். பெண்ணுக்குப் பதிலாக அவளுடைய வலி வைப்பார். வலி என்றால் வாப்பா. பெண்ணுக்குக் கையெழுத்து இடம் இல்லை. பதுர்தீன் பேனையை எடுக்காவிட்டால் கலியாணம் இல்லை. (வலி என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் கவிதை ஆகிவிடும். வேண்டாம்.)

5

(ஓட்டிவிட்டேன்.)

6

எழுதாமல் விடவில்லை. எழுதிப் பார்த்தேன். பவுசருக்கும் எங்கள் வாசலுக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று மூன்று தடவை.

"மிஹ்லார் கேனை வாங்கியபோது கமீலாவின் விரல்—" இது படம்.

"மிஹ்லார் ஐவேளையும் தொழுகிறவன். தலவிலக் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிற சனத்துக்குக்கூட பவுசரை நிறுத்தி—" இது இன்னும் பெரிய படம்.

"மிஹ்லார் ஒரு கள்ளன்." இது என் ஆசை. முற்றுப்புள்ளி வைக்க முடிந்த வசனம் இது ஒன்றுதான், அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

படம் பார்த்த அடுத்த நாள் பெண்கள் இரண்டு பேரும் புதிதாகப் பிறந்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போன நேரம், பதுர்தீன் யன்னலைச் சாத்திவிட்டுத் தான் ஓட்டிய இடத்தைத் தேடிப் பிடித்தான். அசிங்கம் ஏதாவது இருந்தால் பென் டிரைவோடு போய் மிஹ்லாரின் முகத்தில் எறிவது என்று ஏற்பாடு.

வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு ரயில் போனது. ரயில்வேக்காரன் தன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து, அவள் பக்கம் தள்ளினான். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவள் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். இன்னொரு வாய். அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நிமிஷம். முடிந்தது.

பதுர்தீன் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் பார்த்தான், எதையாவது தவறவிட்டேனோ என்று. பிறகு ஒரு தடவை. ஒன்றுமில்லை. தின்றாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, இதுவரை எழுதிய கொப்பியைக் கமீலாவிடம் கொடுத்தேன். கொடுத்தான். அவள் தைக்கிற மெசினை நிறுத்திவிட்டு முழுக்க வாசித்தாள். "ஒன்பது பேரை வெட்டினது" என்ற இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"அஞ்சாம் நம்பரக் காணல்லயே வாப்பா. இங்கயும் ஓட்டிட்டீங்களா?"

"அது எனக்குத் தெரியாத இடம். தெரிஞ்சா நீ எழுது."

அவள் பேனையை வாங்கி, நின்றபடியே எழுதி, கொப்பியைத் திருப்பித் தந்தாள். இரண்டே வரி:

கேனின் கைபிடி என் கையை வெட்டும். இப்போது வெட்டுவதில்லை.

"இதென்ன, கதையா?"

"குசினிக்குள்ள போய்ப் பாருங்க."

பதுர்தீன் போனான். சுவரோடு மூன்று கேன்கள் இருந்தன, ஒவ்வொன்றும் இருபது லீற்றர். மூன்றின் கைபிடியிலும் சைக்கிள் டியூப் ரப்பரை நாடாவாக வெட்டி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. புதிதாகச் சுற்றியதில்லை. கை பட்டுப் பட்டு ரப்பர் மினுங்கியது.

"இது அவன்ட வேலையா? எப்ப இருந்து?" என்று ஹவ்வாவிடம் கேட்டான்.

"போன நோன்புக்கு முந்தி இருந்து."

அதற்கு முந்தி ஐந்து வருஷம் வெறும் கம்பி. பவுசர் வருகிற நேரம் லுஹர் தொழுகை முடிந்த மத்தியான நேரம். பதுர்தீன் வழக்கமாகத் தூங்குகிற நேரம். எந்தப் படத்தில் எவனுடைய பார்வை சரியில்லை என்று கண்டுபிடிக்கிற ஆள், இந்தக் கேனிலிருந்துதான் ஒரு நாளைக்கு ஆறு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிறேன். (குடிக்கிறான் என்று வந்திருக்கவேண்டும். இருக்கட்டும்.)

நிறைந்த கேன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டது. கையை விரித்துப் பார்த்தான். வெட்டவில்லை.

"வார வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லு" என்றான். ஓம் என்று சொல்லவில்லை. வரச் சொன்னான், அவ்வளவுதான். ஹவ்வா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போன் எடுத்தாள்.

7

இன்று வியாழன். நாளை அஸர் முடிந்து பதிவுக்காரர் வருவார். முடிவு எழுதவேண்டிய இடம் இது.

ஒரு முடிவு: மழை பெய்கிறது, பதுர்தீன் மிஹ்லாரைக் கட்டிப்பிடிக்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், படம் அப்படியே நிற்கிறது. எங்கள் வீட்டில் மழை பெய்தால் முதலில் வாளி தேடுவார்கள். இது நடக்காது.

இன்னொரு முடிவு: அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு சொல்லாமல் சிலாபம் பஸ்ஸில் ஏறிவிடுகிறான். பதிவுக்காரர் காத்திருந்து போய்விடுகிறார். இவன் வழியில் முந்தலில் இறங்கி ஒரு கடையில் தேத்தண்ணி கேட்கிறான். கோப்பை வருகிறது, தண்ணீர் எங்கே எடுத்தது என்று கடைக்காரரிடம் கேட்—

இதை முடிக்க முடியவில்லை.

மூன்றாவது: பேனையைக் கையில் பிடித்தபடி மிஹ்லாரிடம் கேட்கிறான், "நாளைக்கும் மாமாதானா, இல்லாட்டித் திரும்பவும் நானாவா?" மிஹ்லார் பதில் சொல்லுமுன்— மிஹ்லார் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அவனோடு நான் இன்னும் சரியாகக் கதைத்ததே இல்லை.

ஐந்தாவதில் கமீலாவின் இரண்டு வரியையும் போட்டிருக்கலாம். போடவில்லை. பதிவுப் புத்தகத்தில் இடம் இல்லாதவளுக்கு இங்கேயும் நானே இடம் ஒதுக்கிக் கொடுத்துப் பெரிய மனிதனாவதா? நீங்கள் பின்னுக்கு ஓட்டிப் போய், அந்த வரிகளை அங்கே வைத்து, ஓட்டாமல் ஒரு தடவை வாசியுங்கள். கை வலித்தால் எனக்குச் சொல்லவேண்டாம்.

மற்றபடி நாளைக்கு என்ன நடக்கும் என்று எழுதமாட்டேன். பேனை எழுதுகிறதா என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் கீறிப் பார்த்தேன். எழுதுகிறது. அதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரக்கூடாது, சும்மா பார்த்தேன்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். பதிவுக்காரர் இன்னும் வரவில்லை. புத்தகம் இன்னும் திறக்கவில்லை. பதுர்தீன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான், கதிரை தூரத்தில் இருக்கிறது. நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள்.

உங்களுக்கு யார் சொன்னது?