தையல் மெசின்மேல் ஒரு தன்னாட்சி

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் இவ்வருடம் தை மாதத்தில் அந்நியக் கம்பனிகளின் இணைய அடிமைத்தளையிலிருந்து முற்றாக விடுவிக்கப்பட்டார்கள். விடுவித்தவர் ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர் திரு. நல்லரத்தினம். விடுதலை நடந்த இடம், நாவற்குடாவில் அவருடைய மனைவி கண்ணகையின் பெயரில் உள்ள வீட்டின் முன்னறை. விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

அந்த விடுதலையைக் கையால் செய்தவன் திவாகரன். செங்கலடிச் சந்தியில் கமரா பூட்டி, கொம்பியூட்டர் திருத்திப் பிழைக்கிறவன். நாற்பது வயதுக்காரன். இணையத் தன்னாட்சிப் பேரவை என்ற ஒன்றை நல்லரத்தினம் தொடங்கியபோது இவனைத் தொழில்நுட்பச் செயலாளர் ஆக்கினார். பேஸ்புக் போல எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி இல்லாத தளம் வேண்டும் என்றார். ஊருக்கு ஊர் தபால் கந்தோர் இருப்பதுபோல உலகம் முழுக்கத் தனித்தனித் தளங்கள், தனித்தனி உரிமையாளர்கள். ஆனாலும் ஒன்றில் எழுதினால் மற்றதில் உள்ளவன் படிக்கலாம். தொடக்க விழாவில் தலைவர் இதைக் கூட்டாட்சி என்ற பொருளில் "சமஷ்டி" என்று விளக்கியதும், அந்த அரசியல் சொல்லுக்குப் பயந்து அரச உத்தியோகத்தில் இருந்த இரண்டு பேர் தேநீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்கள்.

தளத்துக்கு "மட்டுவாவி" என்று பெயர். ஒரு பழைய மேசைக் கணினிக்குள் திவாகரன் அதன் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி மென்பொருள் கொள்கலனில் போட்டு வைத்தான்: பதிவுகளுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ரிவர்ஸ் புரொக்சி என்ற ஒரு வாசல்காரனை நிறுத்தினான். வெளியிலிருந்து யார் வந்தாலும் இந்த வாசல்காரனிடம்தான் வரவேண்டும். அவன் வந்தவரின் இணைய விலாசத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே அனுப்புவான். ரவுட்டருக்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றது கண்ணகையின் தையல் மெசின் மேசை மட்டுமே என்பதால் கணினி அதன்மேல் ஏறியது. அன்றோடு கண்ணகையின் தையல் நின்றது. கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்பாது. யாராவது பொத்தானை அமத்த வேண்டும். அந்த யாராவது, அவர்களுடைய மருமகன் நிலோஜன். தன்னாமுனையிலிருந்து விதுர்ஷாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். நெல் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். அவன் வாய் திறந்து கதைத்ததைக் கண்டவர்கள் குறைவு.

விழாவில் நல்லரத்தினம் நன்றி சொன்னார். மைக் செட்டுக்காரனுக்கு, வாழைமரம் தந்தவருக்கு, வடை சுட்டவருக்கு. தளத்தைப் பற்றிச் சொல்லும்போது, "என் இரு கரங்களால் கட்டியெழுப்பினேன்" என்றார். முன்வரிசையில் கையில் வயர் சுருளோடு இருந்த திவாகரன் தன் இரு கரங்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அடுத்த கிழமை மட்டுவாவியில் "கெளுத்தி" என்றொரு முகமற்ற ஆள் எழுதத் தொடங்கியது.

"தலைவர் இன்று தன் பதிவைத் தானே விரும்பினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

"தன்னாட்சி பற்றித் தலைவர் ஆற்றிய உரையின்போது சபையோர் ஒவ்வொருவராகத் தன்னாட்சி பெற்று வெளியேறினர்."

கெளுத்தி எழுதியதை ஜெர்மனியிலும் பின்லாந்திலும் இருந்த தமிழர்கள் தங்கள் தங்கள் தளங்களில் பகிர்ந்தார்கள். மட்டுவாவியின் மொத்த உறுப்பினர்களைவிட அதைத் தொடர்ந்தவர்கள் அதிகம். கடையில் கமரா வயரைச் சீவிக்கொண்டே திவாகரன் அடுத்த வசனத்தை யோசித்தான். இத்தனை வருசத்தில் அவன் செய்த வேலைகளுள் ஆட்கள் ரசித்தது இது ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்ல முடியாதது மட்டும்தான் குறை.

நல்லரத்தினம் விசாரணைக்குழு அமைத்தார். அதில் தலைவராக அவர் இருந்தார். உறுப்பினராக, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரும் பேரவையின் செயலாளருமான ஒஸ்வல்ட் இருந்தார். எந்தப் பதிவு எந்த விலாசத்திலிருந்து வந்தது என்று காட்டும் பதிவேட்டை எடுத்துவரும்படி திவாகரனுக்குக் கட்டளை வந்தது.

விசாரணை நாள் காலையில் திவாகரன் செய்த முதல் வேலை கெளுத்தியின் கணக்கை அழித்தது. அந்தத் தளத்தில் ஒரு கணக்கை அழித்தால் அழித்ததுதான்; அதே பெயரில் திரும்பவும் பிறக்க முடியாது. இரண்டாவது வேலையாகப் பதிவேட்டைத் திறந்தான். தன் விலாசம் தெரியுமே என்று பயந்துகொண்டு திறந்தவனுக்கு ஆச்சரியம். எல்லாப் பதிவுக்கும் ஒரே விலாசம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை எழுத அவன் மறந்திருந்தான். அதனால் வந்தவரின் விலாசத்தை எழுத வேண்டிய வாசல்காரன் அத்தனை பேருக்கும் தன் விலாசத்தையே எழுதி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான்.

தன் பிழையை அவன் இவ்வளவு அன்போடு பார்த்தது அதுவே முதல் தடவை. திருத்தாமல் அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டு போனான்.

"எல்லாம் ஒரே விலாசம் சேர்," என்றான்.

"ஆர்ட விலாசம்?"

"அது... உள்விலாசம். மெசின் இரிக்கிற இடத்துக்குள்ளயே." சொல்லிவிட்டுத் தப்பிவிட்டதாக நினைத்தான்.

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்த வீட்டுக்குள்ள இருந்துதான் எழுதியிரிக்கி."

ஒஸ்வல்ட் தலையாட்டினார். "இன்சைட் ஜொப், நல்லா."

"நான் எழுதயில்ல. கண்ணகைக்கு போன் எடுக்கவே தெரியா. விதுர்ஷா என்ட ரத்தம்." தலைவர் ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசி விரலை மடக்காமல் உள்ளறைப் பக்கம் நீட்டினார். "வந்த ஆள் ஒருத்தர்தான்."

முப்பத்தைந்து வருசத்துக்கு முன் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு இதே வீட்டுக்கு வந்த ஆள் அவரும்தான் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

நிலோஜன் வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி, ஐந்து மாத வயிற்றோடு விதுர்ஷா.

"மாமா, நான் அதுக்குள்ள ஒருநாளும் போனதில்ல."

"போகாத ஆள் ஏன் மனே அதில கை வைக்கிறாய்?"

"கரண்ட் வந்தா அமத்துறதுக்கு."

"கேட்டீங்களா ஒஸ்வல்ட்? கை வைக்கிறத ஒத்துக்கொள்றார்."

"அப்பா, நீங்கதானே அமத்தச் சொன்னயள்," என்றாள் விதுர்ஷா.

"நீ உள்ள போ கா. இது பேரவை விசயம்."

"பேரவ என்ட தையல் மெசினுக்கு மேல இரிக்கி," என்று குசினியிலிருந்து கண்ணகையின் குரல் வந்தது. அது அறிக்கையில் பதியப்படவில்லை.

நிலோஜன் மாமனாரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். "இந்த வீட்டுச் சோத்தத் திண்டுபோட்டு உங்கள நக்கலடிச்சு எழுதுற ஆளா மாமா நான்?"

"அதத்தான் நானும் கேக்கிறன்."

திவாகரனுக்கு அப்போதுதான் விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது என்று விளங்கியது. இன்னும் ஒரு வசனம் போனால் இந்தப் பொடியன் உடுப்பு மடிப்பான்.

"சேர், அது என்ட பிழை," என்றான். "ஒரு வரி விடுபட்டுப்போச்சு. ஆர் எங்க இருந்து எழுதினாலும் அந்த ஒரே விலாசந்தான் விழும். உங்கட பதிவையும் பாருங்க, அதே விலாசம்."

"நான் இந்த வீட்லதானே இரிக்கிறன்?"

"ஒஸ்வல்ட் சேர்ட பதிவு?"

"ஐ ரோட் ஒன்லி வன்," என்றார் ஒஸ்வல்ட். "வாழ்த்துச் செய்தி. விழா அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்து."

மற்ற உறுப்பினர்களின் உதாரணம் காட்ட நினைத்தான். ஆனால் அவர்கள் எல்லாரும் விழா அன்று இதே முன்னறையில் சேர்க்கப்பட்டவர்கள். அதன்பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. விழாவுக்குப் பிறகு மட்டுவாவியில் எழுதியது இரண்டே பேர்: தலைவரும் கெளுத்தியும்.

"மெசின் பொய் சொல்லுமா தம்பி?"

"நான் பிழையாப் பூட்டினா சொல்லும் சேர்." வேறு வழி இருக்கவில்லை. "கெளுத்தி நான்தான்."

 நல்லரத்தினம் சிரித்தார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"நீயா? அந்தத் தமிழ எழுதுற மூளை உனக்கிருந்தா ஏன் செங்கலடியில ஏணியில ஏறித் திரியிறாய்?"

"மெய்யாத்தான் சேர்."

"அப்ப இப்ப ஒண்டு எழுதிக் காட்டு. கெளுத்தியாவே எழுது."

திவாகரன் போனை எடுத்தான். எடுத்துவிட்டு வைத்தான். "அந்தக் கணக்கக் காலமதான் அழிச்சன்."

"எ நோபிள் சோல்," என்றார் ஒஸ்வல்ட், உண்மையாகவே நெகிழ்ந்து. "ஒரு குடும்பம் உடையக்கூடாதெண்டு பழியத் தன்ட தலையில போடுறான். நல்லா, இத நாங்க பதிய வேணும்." தொழில்நுட்பச் செயலாளரின் தியாக உணர்வைப் பாராட்டி ஒரு தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. தளத்தைக் கட்டியதற்குக் கிடைக்காத நன்றி, கடைசியில் இதற்குக் கிடைத்தது. நிலோஜன்மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே இருந்தது.

நிலோஜன் ஒரு பையை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தபோது திவாகரன் கேற்றடிக்கு ஓடினான்.

"தம்பி, சத்தியமா அது நான்."

நிலோஜன் கயிற்றை இறுக்கினான். "அண்ண, எனக்காக நீங்க பொய் சொல்லத் தேவையில்ல. நான் அம்மா வீட்ட போறன். புள்ள பிறந்தா வந்து பாக்கிறன்."

விதுர்ஷா ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கை அதை உடனே விடவில்லை. "நானும் வாறன்," என்றாள். "இந்த வயித்தோட இதில ஏறாத," என்றான் அவன். திவாகரன் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் கடையில் இருந்துகொண்டே திவாகரன் அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தான். எழுத ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை. வாசல்காரன் இனி எல்லாருடைய விலாசத்தையும் சரியாக எழுதுவான். அதைக் கொண்டுபோய் நாவற்குடாவில் காட்டினான். அது புது விலாசம், பழைய குற்றத்துக்குச் செல்லாது என்றார் தலைவர். தன்னாமுனைக்கு இரண்டு தடவை போனான். முதல்முறை நிலோஜனின் தாய் தேநீர் கொடுத்தாள். அடுத்தமுறை மகன் ஆலையில் என்று சொல்லிக் கதவை மூடினாள்.

கெளுத்தி வாயடைத்துப்போனது விசாரணைக்குழுவின் மாபெரும் வெற்றி என்று நல்லரத்தினம் பகிரங்கமாக அறிவித்தார். அறிவித்தது பேஸ்புக்கில்.

மாசி மாதத்து மழையில் நாவற்குடாவில் கரண்ட் போய் வந்தது. செங்கலடியில் திவாகரன் பார்த்தபோது மட்டுவாவி திறபடவில்லை. பொத்தானை அமத்த ஆளில்லை. யாராவது முறைப்பாடு சொல்ல எடுப்பார்கள் என்று போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தான். அதைச் சாட்டாக வைத்தாவது நிலோஜனைக் கூப்பிடுங்கள் என்று தலைவரிடம் சொல்லலாம் என்பது அவன் எண்ணம்.

இப்போது சித்திரை முடிகிறது. ஒருவரும் எடுக்கவில்லை.