ஹேண்ட்லர் சொன்ன ‘ஆம்’

1

இந்தக் கதை, ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த கைதட்டலிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சொல்வதற்கு வெட்கமாகிவிடும்.

நான் அனிஷ். நாகர்கோவிலில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். ‘அல்ஜீப்ராயிக் எஃபெக்ட்’ என்ற நிரலாக்க முறையைப் பற்றி மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மருந்தகம் ஒன்றை உதாரணமாக வைத்து முக்கால் மணி நேரம் வெளுத்துவாங்கினேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, கேள்வியைக் கையாளும் ஹேண்ட்லர் பதிலே சொல்லாவிட்டால் நின்றுபோன வேலை என்ன ஆகும் என்று கேட்டாள்.

“நிற்கும். அதைக் கையில் வைத்திருப்பவன் பதில் சொல்லும்வரை, நின்ற இடத்திலேயே நிற்கும்” என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ரெஜிலாக்காவை நினைத்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

2

கதைக்குள் போகுமுன் ஒரு சுவர் கட்டவேண்டும்.

என் மனைவி பெமிலாவின் அண்ணன் குவைத்தில் இருக்கிறார். இங்கே அவருடைய வீடு எழும்புகிறது. கொத்தனார் சுவர் கட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்துகிறார். சன்னல் எந்த உயரத்தில்? அவருக்குத் தெரியாது. கேள்வியை மேஸ்திரியிடம் கேட்கிறார். மேஸ்திரி குவைத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். பதில் வந்ததும் கொத்தனார் நிறுத்திய அதே கல்லிலிருந்து தொடர்கிறார். கோபத்தில் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அது வேறு; நிரலில் அதற்கு எக்செப்ஷன் என்று பெயர், போனவர் திரும்பமாட்டார். இங்கே சுவர் கெடவில்லை. வேலை காத்திருந்தது, அவ்வளவுதான்.

கொத்தனார் கேட்டது எஃபெக்ட். பதிலோடு வந்த மேஸ்திரி ஹேண்ட்லர்.

இனி முக்கியமானது. மேஸ்திரி குவைத்துக்கு அனுப்பாமல் தானே “மூணடியில வச்சிரு” என்று சொல்லிவிட்டால்? கொத்தனாருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்காரர் சொன்னதாகவே நினைத்துக் கட்டிவிடுவார்.

[இந்த உதாரணத்தைக் கருத்தரங்கிலும் சொன்னேன். கடைசிப் பத்தியை மட்டும் சொல்லவில்லை.]

3

தொடக்கம், முதல் முயற்சி: குலசேகரத்தில் அன்று விடியுமுன்னே பால் வெட்டப் போன நாராயணபெருமாள், ரப்பர் மரங்களுக்கு நடுவில் தொண்டை வலியோடு—

இல்லை. இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. பெயரும் நான் வைத்ததுதான். எனக்குத் தெரிந்தது அவருடைய நோயாளி எண் மட்டும். அவரை ரப்பர் வெட்டுகிறவராக ஆக்கி, வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளைக் கொடுத்து, நீங்கள் இரக்கப்பட ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அந்த இரக்கத்தில் கொஞ்சம் எனக்கும் சிந்தும் என்ற கணக்கு.

இரண்டாம் முயற்சி: தொழில்நுட்பம் மனிதனை எப்படி—

இதுவும் வேண்டாம். தொழில்நுட்பம் ஒன்றும் செய்யவில்லை.

4

நடந்தது இது.

மேற்கே ஓர் ஆஸ்பத்திரி. பெயர் சொல்லமாட்டேன். அதன் மருந்தகத்துக்கு நிரல் எழுதியவன் நான். ஒருவருக்கு ஒவ்வாத மருந்தை டாக்டர் தெரியாமல் எழுதிவிட்டால், நிரல் அந்த இடத்தில் நின்று கேட்கும்: ‘இந்த மருந்து இவருக்கு ஒவ்வாது. கொடுக்கலாமா?’ கேள்வி மேலே போய், கவுண்டரில் இருப்பவரின் திரையில் வரவேண்டும். அவர் டாக்டரிடம் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று அமுக்கவேண்டும்.

நிரலைச் சோதிக்கும்போது கவுண்டரில் ஆள் இருக்கமாட்டார். ஆயிரம் முறை ஓட்டிப்பார்க்க வேண்டும். ஆயிரம் முறை யார் அமுக்குவது? அதனால் சோதனைக்கென்று ஒரு சிறிய ஹேண்ட்லர் எழுதி நடுவில் வைத்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் பிடித்துக்கொண்டு ‘ஆம்’ என்று சொல்லும். நாலு வரி. சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கவில்லை.

கேள்வி மேலே போகும் வழியில் முதலில் நிற்கும் ஹேண்ட்லர்தான் பிடிக்கும். என் நாலு வரி நடுவில் நின்றது. நாராயணபெருமாளுக்குப் பென்சிலின் மாத்திரை போனது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

கவுண்டரில் இருந்தவர் ரெஜிலாக்கா. பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்தவர். எங்கள் தேவாலயச் சபைக்காரர். பதில் எங்கிருந்து வந்தாலும், அப்போது கவுண்டரில் யார் இருக்கிறாரோ அவர் பெயரில் பதிவாகும்படி நான் எழுதியிருந்தேன். பதிவேட்டில் இருந்தது: ‘கேட்கப்பட்டது. பதில்: ஆம். ரெஜிலா.’

5

விசாரணைக்கு முந்தைய நாளே அந்த நாலு வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து, நீக்கி, திருத்தக் குறிப்பில் ‘சிறு சுத்தம்’ என்று எழுதினேன். கதையில் இந்த இடத்தை மங்கலாக விட்டுவிடலாம் என்று இரண்டு வரைவுகளில் பார்த்தேன். தெரியாமல் நடந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்வீர்கள். தெரிந்துதான் நடந்தது.

அறையில் ஐந்து பேர். நிர்வாக அதிகாரி பதிவேட்டின் பிரதியை மேசைமேல் வைத்தார். அந்தக் கேள்வியைத் தான் பார்க்கவே இல்லை என்று ரெஜிலாக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் ஏற்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“அனிஷ், நீ சொல்லு மக்கா. அந்தக் கேள்வி எனக்க ஸ்கிரீன்ல வந்துதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

“பதிவுல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. பொய் சொல்லியிருந்தால்கூட, பயந்துபோய் உளறிவிட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். இது யோசித்துப் பொறுக்கிய வாக்கியம்.

அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

6

நடுவில் ஒரு சந்தேகம். இந்தக் கதைசொல்லியை நான் ரொம்பக் கூர்மையாகத் தன்னைத்தானே திட்டவைக்கிறேனோ? தன்னைத் திட்டிக்கொள்கிறவனை வாசகர்களுக்குப் பிடித்துவிடும். எனக்கும் அது தெரியும்.

அதனால் அழகில்லாத ஒன்றைச் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. ஒவ்வொரு வரிசையாக எழுந்து அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போவார்கள். மறைத்த குற்றத்தோடு அதை வாங்கக்கூடாது; ஏழு மாதமாக நான் எழுவதில்லை. எங்கள் பெஞ்சில் மற்றவர்கள் என் முழங்காலைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. வயிறு சரியில்லை என்று ஒருமுறை சொன்னேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ரெஜிலாக்கா முன்னால் போய் முழங்காலிட்டுத் திரும்புவார். வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன்.

7

முடிவுகள்.

(அ) அனிஷ் திற்பரப்புக்குப் போகிறான். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் சோப்பும் விற்கும் தன் தம்பியின் கடையில் இப்போது ரெஜிலாக்கா நிற்கிறார். சொல்ல வந்தவன் சொல்லாமல் துண்டு கேட்கிறான். “சின்னது மதியா? போதுமா?” என்று கேட்கிறார். எடுத்த துண்டின் அட்டையை இரண்டு தரம் படித்துப்பார்த்துவிட்டுத்தான் தருகிறார். பிறகு அவராகவே சொல்கிறார்:

“நீ ஒண்ணும் மனசுல வைக்காத மக்கா. ஒருவேள நான்தான் பாக்காம அமுக்கிட்டேன் போல. எனக்கே இப்ப நிச்சயமில்ல.”

அனிஷ் துண்டோடு திரும்பிவருகிறான்.

(ஆ) அனிஷ் ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறான். விசாரணை மறுபடி திறக்கிறது. அவனுடைய வேலை—

(இ) ரெஜிலாக்கா மன்னிக்கிறார். அருவிச் சத்தம். இருவரும் அழுகிறார்கள். இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இந்தக் கதையிலேயே நல்ல வாக்கியங்கள் அங்கேதான் இருந்தன. அழித்துவிட்டேன்.

[குறிப்பு: நான் எழுதும் மொழியில், நின்றுபோன வேலையை ஒரே ஒருமுறைதான் தொடரவைக்க முடியும். இரண்டாம் தரம் முயன்றால் பிழை. மூன்று முடிவுகளை வரிசையாக ஓட்டிப்பார்ப்பது எழுதுகிறவனுக்கு மட்டும் உள்ள வசதி.]

இந்த மூன்றில் (அ) நடந்துவிட்டது. போன மாதம் பதினெட்டாம் தேதி. துண்டு இன்னும் பிரிக்காமல் பைக்கின் பெட்டியில் இருக்கிறது.

8

முதலில் இந்தக் கதையை இப்படி முடித்திருந்தேன்: ‘வாசகரே, கேள்வி என்னைத் தாண்டி மேலே வந்துவிட்டது. இப்போது வெளியே நிற்கும் கடைசி ஹேண்ட்லர் நீங்கள். பதில் உங்களிடம்.’

கச்சிதமாக இருப்பதாக நினைத்தேன். பெமிலாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தாள். பிறகு ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப்போய் அதை மட்டும் மறுபடி வாசித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“அந்த அக்கா உங்ககிட்டயாக்கும் கேட்டாவ” என்றாள். “வாசிக்கவங்க தலையில எதுக்குப் போடுதிய?”

பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த முடிவைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அதுவும் என் நாலு வரியைப் போலத்தான் இருந்தது. கேள்வி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாமல், நடுவில் பிடித்து வேறொருவர் தலையில் கட்டியது.

9

ஆகவே முடிவு இல்லை. உங்களுக்கும் தரவில்லை, எனக்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை முடித்துவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். பாரம் இறங்கிவிட்டால் நான் திற்பரப்புக்குப் போகமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டு, யாராவது பாராட்டினால் அதையும் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இன்று வெள்ளி. அந்த நாலு வரியையும், ‘சிறு சுத்தம்’ என்ற குறிப்பையும், தேதியோடு அச்செடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பிரதிகள். ஒன்று ஆஸ்பத்திரிக்கு. மற்றது ரெஜிலாக்காவுக்கு, இனி தன்னைச் சந்தேகப்படாமல் இருக்க அவருக்கு அது வேண்டும். திற்பரப்புக் கடையைக் காலை எட்டரைக்குத் திறப்பார்கள்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் ஒரே சொல். அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். இங்கே அதை எழுதமாட்டேன். முதலில் அது அவர் காதில் விழவேண்டும்.