வெளியே நின்ற புரதம்

உப்பளம் பகுதியில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு, ஆர்டர் போட்டு நான்கு மாதம் கழித்து, 2005 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு புரதம் வந்து சேர்ந்தது. மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக் கொண்டு தயாரித்தது. கரு வந்து ஒட்டிக்கொள்வதற்காகக் கருப்பை தானாகவே சுரக்கிற அதே புரதம். குப்பியின் அடியில் வெள்ளையாகத் துளிப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்காகக் காத்திருந்தவள் துர்கா. முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரும்பத் திரும்பக் கரு கலைந்துபோன பதினொரு பெண்கள் தங்கள் கருப்பையிலிருந்து துளித் திசு கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியையும் அவளே நேரில் பார்த்து, விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கியிருந்தாள். இந்தப் புரதம் பட்டால் அந்தச் செல்கள் கருவை ஏற்கத் தயாராகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மதிவாணன் அங்கே டெக்னீஷியன், சேதராப்பட்டுக்காரன். புரதத்தைக் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, உடனே உறைகுளிர்ப் பெட்டியில் வைப்பது அவன் வேலை. கரைத்து முடித்த நேரத்தில் போன் வந்தது. மனைவி செல்வாம்பாளுக்கு வலி எடுத்துவிட்டது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான்.

திங்கட்கிழமை காலை ஸ்வீட் பெட்டியோடு வந்தான். பெண் குழந்தை என்று கேட்டு எல்லோரும் கை குலுக்கினார்கள். தன் மேசைக்குப் போன பிறகுதான் பார்த்தான். குப்பி அப்படியே நின்றுகொண்டிருந்தது. சனி, ஞாயிறு ஏசி கிடையாது. மே மாத வெக்கை வேறு.

"மதிண்ணா, எல்லாம் பிரிச்சு வச்சிட்டீங்களா?" வாயில் லட்டோடு கேட்டாள் துர்கா.

"ஆச்சும்மா."

அடுத்த மாதம் அவனுடைய தற்காலிக வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று நிர்வாகம் முடிவு செய்யவிருந்தது. அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அவள் அந்தப் பக்கம் போனதும் குழாய்களில் பிரித்து, உறைகுளிர்ப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தான். கெட்டுப்போயிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புரதம் பட்டும் செல்களில் எந்த மாற்றமும் இல்லை. துர்கா தண்ணீரை மாற்றினாள், தட்டை மாற்றினாள், அளவை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. பக்கத்தில் நின்று தட்டுகளை எடுத்துக் கொடுத்தவன் மதிவாணன்தான். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் வந்தான். தள்ளிப்போடப்போட, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

"குறை செல்லுல இருக்கணும், இல்ல உன் கையில இருக்கணும்" என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் விஜயராகவன். துர்கா இரண்டாவதை நம்பினாள். மறுவருடம் ஆய்வை விட்டுப் போனாள்.

2008இல் உள்ளூர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்து பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தான். மாத்திரை கம்பெனி ஒன்றில் அவளுக்குப் பெட்டிகளில் தேதி சரிபார்க்கிற வேலை. அவன் குழந்தையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாள். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஏறவேண்டிய பஸ் வந்தது, போனது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா யாருண்ணா திட்டியிருப்பா? பொண்ணு பொறந்த நேரம்... வேற ஒண்ணு வாங்கியிருப்போம்."

"தப்புதாம்மா."

"நான் என் கைதான் ராசியில்லன்னு நெனச்சுட்டேன். மூணு வருஷமா." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "குப்பி வாங்கலாம். அந்தப் பதினோரு பேருகிட்ட மறுபடி எப்படிப் போயி கேக்கறது? பாதிப் பேருக்கு வயசு தாண்டியிருக்கும். அவங்க உடம்புல கோளாறு இருக்கலாம்னு நானே சொல்லிட்டு வந்தேனே."

மறுநாள் மதிவாணன் பேராசிரியரிடம் போய்ச் சொன்னான். அவர் கத்தவில்லை. துர்காவின் அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் இந்த முடிவுகள் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவன் முன்னாலேயே அவளுக்குப் போன் செய்து, திரும்ப வரச் சொன்னார். எதிர்ப்பக்கம் என்ன பேசினாள் என்று மதிவாணனுக்குக் கேட்கவில்லை.

"சரிம்மா... இல்ல, புரியுது" என்று சொல்லி அவர் போனை வைத்தார். "வரலையாம். அந்தப் பொம்பளைங்க வீட்டுக்கு மட்டும் போயி, சோதனை தப்பாப் போனது அவங்களால இல்லன்னு சொல்லிட்டு வராளாம். நீயும் கூடப் போ."

ஒன்பது வீடுகளுக்குப் போனார்கள். இரண்டு பேர் எங்கே குடிபோனார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.