முதலில் கதவைத் தட்டியவர்

"கிராண்ட் ஜூரி கூடி, உங்க மேல குற்றம் சாட்டலாம்னு ஓட்டுப் போடற வரைக்கும்தான் உங்களுக்கு மரியாதை, ராய். அப்புறம் பேரம் பேசப் போனா, கடை மூடினதுக்கப்புறம் ரொட்டி கேட்ட மாதிரிதான்."

வக்கீல் லோர்னா பிரூயிட் சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சினாள். எதிரே ராய் நேமெத் தன் கோப்பையைத் தொடவில்லை.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ராய்க்கு ஆம்புலன்ஸ் தொழில். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்குவது. நடந்தே வந்து முன் இருக்கையில் ஏறி, டிரைவரோடு பேஸ்பால் பேசிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் படுத்த படுக்கை என்று காட்டி அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் வாங்கியிருந்தார். ஒரு டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய்க் கணக்கைக் கணினியில் ஏற்றியவள் ராயின் ஒரே மகள் கொரின்.

அவளுக்கு முதல் மாதமே தெரியும். "அப்பா, மிஸஸ் கோவாக்ஸ் நேத்து என்கூட பௌலிங் ஆடினாங்க. அவங்களுக்கு ஸ்ட்ரெச்சரா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கணினியில் ஏற்றுவதை நிறுத்தவில்லை.

இப்போது மத்திய அரசு வக்கீலின் கடிதம் வந்திருந்தது. குறி ராய்தான்.

"நான் என்ன பண்ணணும்?"

"அவங்க முன்னாடி உட்கார்ந்து நடந்ததைக் கொட்டணும். பிடிச்சிருந்தா ஒரே ஒரு குற்றச்சாட்டு, குறைஞ்ச தண்டனை. ஒரு பொய் சொன்னீங்க, எல்லாம் காலி. சொன்னதையே உங்க மேல திருப்புவாங்க."

"எல்லாத்தையும் சொல்லணுமா?"

"எல்லாரையும் சொல்லணும்."

ராய் ஜன்னலைப் பார்த்தார். மௌமி நதி உறைந்து கிடந்தது.

"வீட்ல கொரின்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்றாள் லோர்னா. "சாட்சியைக் கலைச்சீங்கன்னு தனியா இன்னொரு கேஸ் போடுவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொரின் சாப்பிட வந்தாள். ராய் அவளுக்குப் பிடித்த முட்டைக்கோஸ் சுருளைச் செய்திருந்தார். இருவரும் பனியைப் பற்றிப் பேசினார்கள். பனி தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிட்டது. தட்டில் ஒரு சுருள்கூடக் குறையாமல் எழுந்தவள், வாசலில் அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

பயப்படுகிறாள் என்று நினைத்தார் ராய். அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அரசு வக்கீல் ஹாஸ்கெல் இளைஞன், பணிவானவன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். ராய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் பெயர், அவருக்குப் போன பங்கு, நடந்து வந்த நோயாளிகள். ஹாஸ்கெலின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"கணினில ஏத்தினது உங்க பொண்ணுதானே?"

"நான் குடுத்ததை அப்படியே அடிப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பேனா நின்றது. மேஜைக்கடியில் லோர்னாவின் காலணி ராயின் பாதத்தை அழுத்தியது.

"யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் நேமெத்."

"யோசிக்க என்ன இருக்கு? ஒண்ணும் தெரியாது."

ஹாஸ்கெல் பேனாவை மூடினான். லோர்னாவை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னான்.

அவள் நடைவழிக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்ன மனுஷன்யா நீங்க! கால் விரலே நசுங்கற மாதிரி மிதிச்சேனே!"

"என்ன ஆச்சு?"

"போன வாரம் அதே நாற்காலில கொரின் உட்கார்ந்திருந்தா. தனியா வக்கீல் வெச்சுக்கிட்டு. தெரிஞ்சேதான் ஏத்தினேன்னு அவளே சொல்லிட்டா. ஜெயில் வேண்டாம்னு அவங்களும் பரிந்துரை பண்றதா ஒப்புக்கிட்டாங்க."

"அப்ப நான் உண்மையைச் சொல்லியிருந்தா?"

"ரெண்டு பேரும் சொன்னது பொருந்தியிருக்கும். அவங்களுக்கு வேண்டியது டாக்டர். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க. இனி பொய் சொன்ன சாட்சியை எந்த ஜூரி நம்பும்?"

"அவங்க முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல மாட்டாங்க. நீங்க உண்மை பேசறீங்களான்னு எப்படித்தான் பார்க்கறது?"

குற்றப்பத்திரிகை வந்தது. ஒவ்வொரு பயணமும் ஒரு குற்றம். வழக்கை எதிர்த்து நின்றால் விசாரணையில் கொரின் கூண்டில் ஏறி அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவள் ஒப்பந்தம் அப்படி. அதைத் தவிர்க்கவே ராய் பேரம் எதுவுமில்லாமல் அத்தனையையும் ஒப்புக்கொண்டார்.

"யாராவது உங்களுக்கு வாக்குறுதி கொடுத்தாங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"யாரும் எதுவும் கொடுக்கலைங்க."

தண்டனை சொல்லும் நாளில் பக்கக் கதவு திறந்தது. கொரின் வந்தாள்.

ராய் லோர்னாவின் கையைப் பிடித்தார். "ஒப்புக்கிட்டா இவ வர வேண்டாம்னுதானே..."

"வர மாட்டாள்னு நான் சொல்லலை, ராய். விசாரணை நடக்காதுன்னுதான் சொன்னேன். நீங்க அன்னிக்கு ஹாஸ்கெல்கிட்ட பொய் சொன்னீங்கன்னு நிரூபிச்சா தண்டனை கூடும். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க."

கொரின் கை உயர்த்திச் சத்தியம் செய்தாள். மெலிந்திருந்தாள்.

ஹாஸ்கெல் மென்மையாகவே கேட்டான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்கப்பா எங்ககிட்ட சொன்னார். அது உண்மையா?"

அவள் ராயைப் பார்த்தாள். உண்மை என்று சொன்னால் அவளுடைய ஒப்பந்தம் போய்விடும். அது ராய்க்கும் தெரியும்.

அவர் மெல்லத் தலையசைத்தார். சொல்லும்மா.

"பொய்" என்றாள் கொரின்.

நீதிபதி குனிந்து குறித்துக்கொண்டார்.