மூன்று ஓட்டுக்கு நான்கு குரல்

பொய் சொல்லத் தெரியாதவள் 'கள்ளி ஓடு' ஆட்டம் விளையாடக் கூடாது. சரோஜாவுக்குப் பொய் சொல்ல நன்றாகவே தெரியும். நான்கு மாதமாக ஒரே பொய்யை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி பிறந்தும் பனி விடவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற நான்கு பெண்கள் விடியற்காலையில் நடந்துபோய், நடு ஏரியில் ஒரு மணல்திட்டில் மாட்டிக்கொண்டார்கள். நன்றாக விடிந்த பிறகும் பக்கத்தில் இருப்பவளின் முழங்கால்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தப் பனியில் தண்ணீரில் இறங்கினால் கரை எது, மடு எது என்று தெரியாது. மடு என்பது மழைவெள்ளம் அறுத்துவிட்டுப் போகிற பள்ளம். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்றைக்கு ஆளை விழுங்கும்.

"சும்மா குந்திகினு இருந்தா குளுருதான் ஏறும். ஓடு ஆடலாமா?" என்றாள் தெய்வநாயகி. நால்வரில் மூத்தவள், அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஆட்டம் சுலபமானது. ஒருத்தி மட்டிச் சிப்பி ஓடுகளின் உள்பக்கம் கரியால் ஒரே பொருளைப் படம் போடுவாள். ஒரு ஓட்டை மட்டும் வெறுமையாக விடுவாள். கலைத்துக் கவிழ்த்துப் போட்டதும் ஆளுக்கொன்று எடுத்து ரகசியமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் ஓடு வந்தவள் கள்ளி. பிறகு ஒவ்வொருத்தியும் அந்தப் பொருளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் கள்ளி கண்டுபிடித்துவிடுவாள், மூடி மூடிச் சொன்னால் நம்மையே கள்ளி என்பார்கள். மாட்டிக்கொண்ட கள்ளி மற்றவர்களின் இறால் பறியையும் கரைவரை சுமக்க வேண்டும்.

அவர்களோடு வந்துகொண்டிருந்த நாகம்மா ஏரியில் மூழ்கிச் செத்த பிறகு அவர்கள் இதை ஆடவில்லை. எப்போதும் ஐந்து பேர். ஒருத்தி படம் போட, நான்கு பேர் ஓடு எடுப்பார்கள். இன்றைக்குத் தெய்வநாயகி மூன்று ஓடுதான் போட்டாள்.

சரோஜா தன் ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள். வெறுமை. நல்லவேளை, பனி அவள் முகத்தை மறைத்தது.

"எல்லம்மா, நீ சொல்லு."

"பனங்காட்டுல பொறந்தது."

"கன்னியம்மா?"

"தண்ணியில துன்னும், கரைக்கு வந்து கக்கும்," என்று சிரித்தாள் கன்னியம்மா. அவளுக்கு எதையும் அடக்கமாகச் சொல்ல வராது.

பனையோலையில் முடைந்தது, தண்ணீரில் நிரம்பிக் கரையில் கொட்டுவது. பறிதான், வேறென்ன! பிடித்த இறாலைப் போடுகிற கூடை. இருக்கிற பொருளையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பாழாய்ப்போன தெய்வநாயகிக்குப் பறிதானா கிடைத்தது?

"ஓட்டை வுயுந்தா ஒண்ணுத்துக்கும் ஆவாது," என்று சமாளித்தாள்.

அவளோடு சுற்று முடிந்தது. ஆனால் அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"இத்த கடிச்சிகினு இருந்தா கூப்ட முடியாது."

மெல்லிய குரல், எதையோ பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல. சரோஜாவின் வலப்பக்கத்தில் யாரும் இல்லை. எப்போதும் நாகம்மா உட்காருகிற பக்கம் அது.

"யாருடி அது? ஒருத்தி ஒரு தபாதான் சொல்லணும்," என்று தெய்வநாயகி சத்தம் போட்டாள்.

"நான் இல்லக்கா," என்றாள் சரோஜா.

"நானும் இல்ல. கன்னியம்மாதான் கொரல மாத்திப் பேசி வெளாடுறா," என்றாள் எல்லம்மா.

"எங்க நைனா மேல ஆணையா நான் வாயே தொறக்கல!"

சரோஜா அசையவில்லை. ஆவியோ பிசாசோ என்று அவள் பயப்படவில்லை, அதைவிட மோசமான பயம் அவளுக்கு. இந்த மூவரில் யாரோ ஒருத்தி அன்றைக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு நான்கு மாதம் கமுக்கமாக இருந்து, இப்போது பனியை மறைவாக வைத்துக்கொண்டு குத்திக் காட்டுகிறாள்.

இறால் பிடிக்கும்போது இரண்டு கையும் சேற்றில் இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர வேண்டும். அதனால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். யாரும் பேச முடியாது. வாயைத் திறந்தால் பறி கவிழும், பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விடும். ஏற்றுமதிக் கம்பெனி வண்டி கரைக்கு வரத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு வெள்ளை இறாலும் வீட்டில் உலை கொதிக்குமா கொதிக்காதா என்பதைச் சொல்லிவிடும்.

ஐப்பசியில் அந்த நாள், நாகம்மாவுக்கும் சரோஜாவுக்கும் நடுவே ஐந்து முழம்கூட இருக்காது. புது மடு ஒன்றில் நாகம்மா சறுக்கினாள். தண்ணீர் கண்வரை ஏறியது. அவள் சரோஜாவைப் பார்த்தாள். சரோஜாவும் பார்த்தாள். சரோஜாவின் பறி நிரம்பி வழிந்தது. கத்தினால் பறி போய்விடும். எல்லாரும்தான் சறுக்குகிறார்கள், எல்லாரும்தான் எழுகிறார்கள், அடுத்த மூச்சில் எழுந்துவிடுவாள் என்று சரோஜா பல்லை இறுக்கினாள். ஒரு மூச்சு போனது. இன்னொன்றும் போனது. பிறகுதான் பறியை விட்டுவிட்டு அலறினாள். தெய்வநாயகி கழியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தபோது மேலே குமிழிகூட இல்லை. இரண்டாம் நாள் நாகம்மாவின் உடல் பசியாவரம் தீவுப் பக்கம் ஒதுங்கியது.

"திரும்பிப் பாத்தேன், ஆளக் காணோம்." இதுதான் சரோஜா சொன்ன பொய்.

"சரி, எவளோ வெளாடுறா. இன்னொரு சுத்து," என்றாள் தெய்வநாயகி. அவள் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

எல்லம்மா ஏதோ சொன்னாள். கன்னியம்மாவும் சொன்னாள், இந்தமுறை சிரிப்பில்லை. சரோஜாவின் முறை வந்தது. அவள் பேசுமுன் வலப்பக்கம் மறுபடி, இப்போது காதுக்கு வெகு அருகில்:

"ரொம்பிப் போச்சி. வுட மனசு வர்ல."

ஈரச் சேற்றின் வாசனை அடித்தது. சரோஜா கையை நீட்டித் துழாவினாள். சில்லென்ற மணல், வேறொன்றுமில்லை. மற்ற மூவரின் முழங்கால்களும் அவளுக்கு எதிரே, இடப்பக்கமாக, இருந்த இடத்திலேயே இருந்தன.

"ஆமா, பாத்தேன்!" என்று வலப்பக்கம் திரும்பிக் கத்திவிட்டாள். "அவ மூழ்குறத பாத்தேன். பறிய வுட மனசு வராம கடிச்சிகினு நின்னேன். போதுமா? இதுக்குத்தானே வந்தே?"

ஆட்டம் அதோடு முடிந்தது. எல்லம்மாவின் முழங்கால் பனிக்குள் பின்வாங்கியது. கன்னியம்மா விசும்பினாள். தெய்வநாயகி, "இத்த என்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவ புருசன் சடையன்கிட்ட சொல்லு," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சரோஜாவுக்கு.

வெயில் ஏறிப் பனி கலைந்தது. வலப்பக்க மணலில் ஒரு தடமும் இல்லை. வெறும் பறிகளோடு நால்வரும் கரை ஏறினார்கள். சரோஜா முன்னால் நடக்க, மற்றவர்கள் பத்தடி தள்ளி வந்தார்கள். அவளோடு சேர்ந்து நடக்க யாருக்கும் மனமில்லை.

நாகம்மாவின் புருஷன் சடையன் குடிசை வாசலில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பறி முடைந்து கொடுப்பவன். சரோஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அடிப்பான் என்று எதிர்பார்த்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

சடையன் அடிக்கவில்லை. கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தான்.

"அவ கத்தலயா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே."

"அவ வாயில பறி இருந்துச்சா?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தண்ணீருக்கு மேலே அந்தக் கண்கள், அவற்றுக்குக் கீழே கலங்கலுக்குள் வட்டமாக ஓலை விளிம்பு, அதில் துள்ளிக்கொண்டிருந்த இறால் வால்கள். நான்கு மாதமாகக் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருந்துச்சிண்ணே."

"கடசி வரிக்கும் வுடலயா?"

"வுடல."

திட்டில் கேட்ட குரல் தன்மேல் குற்றம் சொல்ல வரவில்லை என்று சரோஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நாகம்மா தன் சொந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பல்லு வலிக்குது, சும்மா சும்மா நழுவுதுன்னா," என்றான் சடையன். "நான்தான் வெளிம்புல துணி சுத்தி, வுடாம நல்லா கடிக்கிற மாதிரி செஞ்சி குடுத்தேன்."