பெட்டிக்குள் ஓர் உப்பு ஏரி

"மாறுங்கோ! கொஞ்சம் வழி விடுங்கோ!"

ராஜஸ்ரீ ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிள்ளிப்பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடினாள் என்பதே பெரிய வார்த்தை. ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் தெருவெல்லாம் பொங்கல் வைக்கும் பொங்காலை நாளில் இந்த ஊரில் யாரால் ஓட முடியும்? கரமனையிலிருந்து ரோடு நெடுக மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு பெண். அடுப்பு பற்றவைத்தாயிற்று. புகையில் கண் எரிந்தது. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை.

பெட்டிக்குள் ஒரு ஜாடி. ஜாடிக்குள் ஒரு கல். உயிருள்ள கல்.

லடாக்கில், நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும் உயரத்தில், ஓர் உப்பு ஏரி. அதன் ஓரத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூடி, சுண்ணாம்பைப் படலம் படலமாகச் சேர்த்துக் கட்டிய கல் அது. மேலே ஒட்டியிருக்கும் பச்சைப் படலம்தான் உயிர். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் வைத்தால்தான் பிழைக்கும். இன்று காலை அவளுடைய ஆய்வகத்துக் குளிர்பெட்டி புகைந்து நின்றுவிட்டது.

மேலதிகாரி ஸ்ரீகண்டன் போனில் அலட்டிக்கொள்ளவே இல்லை. "விட்டுத் தள்ளு ராஜஸ்ரீ. எப்படியும் அது கெட்டுப்போன சாம்பிள். அடுத்த டிரிப்ல வேற எடுக்கலாம்."

வேற எடுக்கலாமாம்! அந்த ஏரிக்கு அவளும் கூட வேலை பார்த்த ஆன்சனும் சேர்ந்து போனார்கள். இறங்கும்போது ஜீப் உருண்டது. ஊர் திரும்பியது அவளும் இந்தக் கல்லும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகூட ஆய்வகத்துக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு கல்லூரியில் தோழி ஷீனா லேபைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். பழவங்காடி கணபதி கோயிலை எட்டியபோது ராஜஸ்ரீ மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஐஸ் முழுக்கத் தண்ணீர்.

எதிரே மோர்ப்பந்தல். வாலண்டியர் தங்கையன் கையில் மைக்.

"சேட்டா, ஐஸ் வேணும். இருக்கறது எல்லாம்."

"எல்லாமா? அப்போ மோருக்கு நான் எங்க போக? பொட்டியில என்ன, மீனா?"

"கணபதி நடையில யாராவது மீன் கொண்டு வருவாளா? உள்ளே உயிர் இருக்கு சேட்டா! செத்துப் போயிடும்!"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தங்கையன் முகம் மாறியது. ஐஸ் பெட்டியோடு ஓடுகிறவர்களை அவர் டிவியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! ஐஸை வாளியோடு கவிழ்த்தார். மைக்கை வாயில் வைத்தார்.

"அம்மமாரே, சேச்சிமாரே, வழி கொடுக்கணும்! ஹார்ட்டாக்கும் கொண்டு போறா!"

"ஐயோ, ஹார்ட் இல்லை..."

யார் கேட்டார்கள்? கொதிக்கிற பானைகள் நகர்ந்தன. குலவை எழுந்தது. ஒரு மாமி கரண்டியும் கையுமாக எழுந்து கூடவே நடந்தாள்.

"யாரோடதுடி கொழந்தே? ஆம்பளையா, பொம்மனாட்டியா?"

"ஆம்பளை." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"சின்ன வயசா?"

"ஆமாம் மாமி."

"அம்மே பகவதி! அவன் நன்னா இருக்கட்டும். நீ ஓடு!"

ஓடினாள். இந்தத் தடவை நிஜமாகவே ஓடினாள்.

ஷீனா ஜாடியைக் குளிரில் வைத்தாள். பச்சைப் படலத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"இழை நெளியுதுடி. பொழச்சாச்சு."

ராஜஸ்ரீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா கெட்டுப்போன சாம்பிள்னு உன் சார் சொன்னது சரியாக்கும், கேட்டியா?" ஷீனா கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ரிப்போர்ட் நானும் பார்த்தேன். மேல் படலம் நெறய மனுஷத் தோல்ல இருக்கிற பாக்டீரியா. உப்புத் தண்ணியிலயும் குடித்தனம் போட்டாச்சு. எந்த மண்டன் இதை வெறுங்கையால தொட்டான்?"

"ஆன்சன்."

ஷீனா நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு என் கை குளிர்ல வெறைச்சுப் போச்சு. தன்னோட கிளவுஸைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டான். அப்புறம் வெறுங்கையைத் தண்ணிக்குள்ள விட்டு இதை எடுத்தான். நான் யார்கிட்டேயும் சொல்லலை." ராஜஸ்ரீ குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். "அவன் கையிலே இருந்ததுதான் ஷீனா இது. இன்னும் வளர்ந்துண்டிருக்கு."