பாதி பழவேற்காடு, பாதி கோலாலம்பூர்

"கல்யாணம் எங்க நடந்துச்சு?" என்று பொன்னேரியில் பதிவு அலுவலர் கேட்டதும், நௌஷீனின் வாப்பா ஹனீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார்.

"பாதி பழவேற்காட்டுல, பாதி கோலாலம்பூர்ல சார்."

இறால் வியாபாரி அவர். எடையில் ஒரு கிராம் கூட்டிச் சொல்லத் தெரியாத மனுஷன். அந்த நேர்மையை இன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று நௌஷீனுக்கு அழுகையே வந்துவிட்டது. அலுவலரின் பேனா நின்றுவிட்டது.

வாப்பா சொன்னதில் பொய்யில்லை. பத்திரிகை அடித்து, பிரியாணிக்கும் சொல்லியான பிறகு, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அப்ராருக்கு லீவு கிடையாதென்று கம்பெனி கைவிரித்துவிட்டது. நாளைத் தள்ளிப்போட இரண்டு வீட்டாருக்கும் மனமில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் நிறைய யோசித்து, அங்கேயும் இரண்டு சாட்சிகளை உட்காரச் சொல்லி, வீடியோ காலில் நிக்காஹ் ஓதிவைத்தார். மாப்பிள்ளையைத் தவிர ஊரே வந்திருந்தது. அப்ராரின் அக்கா நஜ்மாதான் தாலியாகக் கருகமணி கட்டினாள். பெண்கள் பக்கம் வைத்திருந்த போனில் அவன் 'கபூல்' என்று சம்மதம் சொன்னபோது குரல் முதலில் வந்தது, உதடு பிறகு அசைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நௌஷீன் சிரிக்கவில்லை. அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பிடித்த ஏக்கம். இன்னும் அவன் கையைக்கூட அவள் தொட்டதில்லை.

அலுவலர் கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பெரியவரே, மாப்ள ஒக்காந்த எடம் என் எல்லையில இல்லியே. நெட்டுல நடந்தத எந்த ஊருன்னு நான் எழுதறது? ரெண்டு பேரும் ஒண்ணா வந்து இன்னொருதரம் பண்ணிக்கோங்க. அன்னிக்கே பதிஞ்சு தரேன்."

"அவரு வர்றதுக்கு அடுத்த வருசம் ஆவும் சார். சர்ட்டிபிகேட் இருந்தாதான் எனக்கு விசா" என்றாள் நௌஷீன்.

"அப்ப அங்கியே பதிய வேண்டியதுதானே?"

அங்கேயும் கேட்டாயிற்று. பெண் எந்த நாட்டில் இருந்தாளோ அங்கே போய்ப் பதியுங்கள் என்று அப்ராரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வாப்பா விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்மா" என்றார்.

"உடுங்க வாப்பா. நடந்ததத்தான சொன்னீங்க." அவர்மீது இருந்த கோபமெல்லாம் போய்விட்டது அவளுக்கு.

சாயங்காலம் அப்ரார் கூப்பிட்டான். அலுவலர் சொன்னதை அவனிடம் சொன்னாள்.

"ரெண்டு ஊரும் நமக்கு நிக்காஹே ஆவலன்ற மாதிரி பேசுது. ஒன்ன இப்படிக் காக்க வெக்க எனக்கே கஷ்டமா இருக்குது நௌஷீன். ஒங்க ஊட்ல வேற எடம் எதுனா யோசிச்சா..."

"மச்சான், ரூமைக் காட்டுங்க."

அவள் வருவாள் என்று நண்பர்களை விட்டுப் பிரிந்து அவன் தனியாக எடுத்திருந்த அறை அது. போனைத் திருப்பினான். ஜன்னல், அடுப்பு, சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டில்.

"எந்தப் பக்கம் படுக்குறீங்க?"

"இந்தாண்ட. செவுத்துப் பக்கம் காலியாத்தான் கெடக்குது."

"அது என் எடம். யாருக்கும் குடுக்காதீங்க."

போன் மறுபடி அவன் முகத்துக்குத் திரும்பியது. கண் கலங்கியிருந்தது. துடைத்துவிடலாம் என்று அவள் விரலை வைத்தாள். விரல் பட்டதுமே அவன் முகத்துக்குக் கீழே, அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் எழும்பி வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, அது மறையும்வரை அசையாமல் பார்த்திருந்தாள்.